இரண்டு மில்லி ஆம்பியரும் அக்காவின் நாடியும்

வீட்டு மெயின் போர்டில் நாம் மாட்டி வைத்திருக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் கருவி, 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு மின்சாரம் வேறு வழியில் கசிந்தாலே இணைப்பைத் துண்டித்துவிடும். வீட்டு மின்சாரம் ஒரு மில்லி ஆம்பியர் அளவில் உடலில் பாய்ந்தால் விரலில் லேசாகச் சுரீர் என்று தெரியும். பத்தைத் தாண்டினால் பிடித்த கம்பியைக் கை விடாது. ஐம்பது, நூறு என்று ஏறினால் இதயம் தாளம் கெட்டு நின்றே போகலாம். ஈரோட்டுப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கின் மின்னியல் ஆய்வகத்தில் பணியாற்றிய இருபத்தாறு ஆண்டுகளும், முதல் வகுப்பில் மாணவர்களிடம் நான் சொல்லி வந்த கணக்கு இது. ஆகவே, சென்ற ஐப்பசியில் என் அக்காவின் தலையில் 2 மில்லி ஆம்பியர் மின்சாரத்தைச் செலுத்தலாம் என்று மருத்துவர் சொன்னபோது, அந்த அறையில் இருந்தவர்களில் நான்தான் எல்லோரையும்விடக் குறைவாகப் பயந்திருக்க வேண்டும். ஆனால் முதலில் வியர்த்தது என் உள்ளங்கைதான். அந்த வியர்வைக்கும் இந்தப் பதிவின் பொருளுக்கும் தொடர்பு உண்டு.

அக்கா சென்னிமலையில் இருக்கிறாள். மச்சான் இறந்த பிறகு நான்கு ஆண்டுகளாக அவளுக்கு மனச்சோர்வு; அதோடு, காரணமே இல்லாமல் நெஞ்சு படபடப்பதும், இரவில் கைகால் சில்லிட்டு வியர்ப்பதும், உண்டது செரிக்காமல் வயிற்றைப் பிசைவதுமாக இருந்தது. இதய மருத்துவரிடம் போய் ஈ.சி.ஜி., எக்கோ எல்லாம் எடுத்துப் பார்த்தாயிற்று, இதயத்தில் குறையில்லை. அங்கிருந்துதான் ஈரோட்டில் ஒரு மனநல மருத்துவரிடம் அனுப்பப்பட்டோம். ஒரு மாத்திரையோடு, பத்து நாள்களுக்கு நாளொன்றுக்கு இருபது நிமிடம் டி.டி.சி.எஸ். என்ற சிகிச்சையையும் சேர்த்துப் பார்க்கலாம் என்று அவர் சொன்னார். மண்டை ஓட்டுக்கு வெளியிலிருந்தே மூளைக்கு மிக மெல்லிய நேர்மின்னோட்டத்தைச் செலுத்தும் முறை அது. செய்தி கேட்ட அம்மா, “மண்டைக்குள்ள கரண்ட்டு வெக்கறாங்களாமா? வேண்டாஞ் சாமி” என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அம்மாவின் மனத்தில் இருந்தது திரைப்படங்களில் வரும் ‘ஷாக்’ வைத்தியம். 1938-இல் ரோம் நகரில் உகோ செர்லெட்டியும் லூசியோ பினியும் தொடங்கி வைத்த அந்த மின்னதிர்ச்சி சிகிச்சை வேறு, இது வேறு. அதில் ஏறத்தாழ 800 மில்லி ஆம்பியர் மின்சாரத்தைச் சில வினாடிகள் செலுத்தி, மயக்க மருந்தின் துணையோடு வலிப்பை உண்டாக்குகிறார்கள். அந்தச் சில நிமிடங்களில் நாடி முதலில் திடீரென்று தணிந்து, பிறகு ரத்த அழுத்தத்தோடு சேர்ந்து குபுகுபுவென்று ஏறும். கடுமையான மனச்சோர்வுக்கு இன்றும் அது பயன்படும் நல்ல சிகிச்சைதான் என்பதையும், திரைப்படம் அதற்குச் செய்த அநியாயம் கொஞ்சநஞ்சமல்ல என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். டி.டி.சி.எஸ். முறையில் வலிப்பும் இல்லை, மயக்கமும் இல்லை. இவ்வளவு சிறிய மின்னோட்டம் ஒரு நரம்பணுவைத் தானாகச் சுட, அதாவது சமிக்ஞை அனுப்ப, வைக்காது. ஏற்கெனவே சுடக் காத்திருக்கும் அணுவின் வாசற்படியைச் சற்றே தாழ்த்துவதும் உயர்த்துவதும்தான் அதனால் முடிந்தது. ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் நிட்ஷேயும் பவுலஸும் 2000-ஆம் ஆண்டில் இதை முறையாக அளந்து காட்டினார்கள்: நேர்மின்வாயின் கீழே மூளையின் மேலடுக்கான புறணி எளிதில் கிளர்கிறது, எதிர்மின்வாயின் கீழே அடங்குகிறது. அடுத்த ஆண்டில், 13 நிமிடம் செலுத்தினால் விளைவு ஒன்றரை மணி நேரம் வரைக்கும்கூட நீடிப்பதைக் கண்டார்கள்.

முதல் நாள் நடந்ததைச் சொன்னால் எவரும் சிரிப்பார்கள். ஓர் இளைஞர் தையல்காரரைப் போல டேப்பை எடுத்து மூக்கின் மேட்டிலிருந்து பிடரி வரைக்கும், ஒரு காதிலிருந்து மறு காது வரைக்கும் அளந்து, இடது முன்நெற்றிக்கு மேலே ஒரு புள்ளியும் வலப்பக்கம் ஒரு புள்ளியும் வைத்தார். உப்புநீரில் நனைத்த இரண்டு பஞ்சு உறைகளுக்குள் ரப்பர் மின்வாய்களைச் செருகி, அந்தப் புள்ளிகளின் மேல் வைத்துப் பட்டையால் கட்டினார். உப்புநீர் அக்காவின் புருவத்தின் வழியாக வழிந்தது. கருவியின் எண் அரை நிமிடத்தில் சுழியிலிருந்து இரண்டுக்கு மெல்ல ஏறியது. எறும்பு ஊர்வதைப் போலக் குறுகுறுக்கிறது என்றாள். ஐந்து நிமிடத்தில் அதுவும் மறைந்துவிட்டது. நான் செய்த ஒரே குறும்பு, ஓட்டப்பந்தய வீரர்கள் மார்பில் கட்டிக்கொள்ளும் துடிப்புமானிப் பட்டையை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு அக்காவுக்குக் கட்டிவிட்டு, கைப்பேசியில் வந்த எண்களை நிமிடத்துக்கு ஒருமுறை நோட்டில் எழுதியதுதான். படபடப்புக்குத்தான் வந்திருக்கிறோம் என்றால், படபடப்பை அளக்க வேண்டாமா?

அளப்பது எதை என்று தெரிந்துகொள்ளத் தானியங்கு நரம்பு மண்டலத்தைப் பற்றி ஒரு வாரம் படித்தேன். நம் கட்டளைக்குக் காத்திராமல் இதயம், மூச்சுக்குழல், குடல், வியர்வைச் சுரப்பி, கண்பாவை ஆகியவற்றை நடத்தும் நரம்புகளின் கூட்டம் அது. அதில் பரிவு நரம்புகள் ஓடவும் அடிக்கவும் உடலைத் தயார் செய்கின்றன. எதிர்ப்பரிவு நரம்புகள் உண்டதைச் செரிக்கவும் ஓய்வெடுக்கவும் விடுகின்றன. இதயத்தைப் பொறுத்தவரை எதிர்ப்பரிவின் வேலையைச் செய்வது, மூளைத்தண்டிலிருந்து கழுத்து வழியாக இறங்கும் வேகஸ் நரம்பு. இதயத்தில் துடிப்பைத் தொடங்கி வைக்கும் எஸ்.ஏ. கணுவை நரம்புகளின் பிடியிலிருந்து விடுவித்துவிட்டால் அது நிமிடத்துக்கு ஏறக்குறைய நூறு முறை துடிக்கும். அமர்ந்திருக்கும் நமக்கு எழுபது, எழுபத்தைந்து என்று இருப்பதற்குக் காரணம், வேகஸ் ஓயாமல் பிரேக்கில் கால் வைத்திருப்பதுதான். 1921-இல் ஓட்டோ லோவி இரண்டு தவளை இதயங்களை வைத்து இதைப் பார்த்தார். ஒன்றின் வேகஸ் நரம்பை மின்சாரத்தால் தூண்டி, அந்த இதயம் தணிந்த பிறகு அதைச் சூழ்ந்திருந்த திரவத்தை எடுத்து மற்றொன்றின் மேல் விட்டபோது, அதுவும் தணிந்தது. நரம்பு வேதிப்பொருளால் பேசுகிறது என்பதை நிறுவிய அந்த வேலைக்காக ஹென்றி டேலுடன் அவருக்கு 1936-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இங்கே என்னை நெடுநேரம் யோசிக்க வைத்த ஒன்று உண்டு. அக்கா வீட்டுக்கு இரு பக்கமும் தறிகள். ‘டக்-டடக்’ என்று ஒரே சீராக விழுந்தால் தறி நன்றாக ஓடுகிறது என்று பொருள். சத்தம் முன்பின் ஆனால் தறிக்காரர் எழுந்து போய்ப் பார்ப்பார். இதயத்துக்கு இந்த இலக்கணம் தலைகீழ். நலமான இதயம் ஓய்வில் இருக்கும்போது ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒருபோதும் ஒன்றாக இருப்பதில்லை. மூச்சை உள்ளே இழுக்கும்போது சற்றுச் சுருங்கும், வெளியே விடும்போது சற்று நீளும். வேகஸ் நரம்பு ஓரிரு துடிப்புகளுக்குள்ளாகவே தன் பிடியை இறுக்கவும் தளர்த்தவும் வல்லது. பரிவு நரம்புகளுக்கு அதற்குப் பல வினாடிகள் வேண்டும். ஆகவே இடைவெளியின் விரைவான ஏற்ற இறக்கம் எவ்வளவு என்று அளந்தால், வேகஸ் எவ்வளவு விழிப்பாக இருக்கிறது என்று ஓரளவு ஊகிக்கலாம். துடிப்பு இடைவெளி மாறுபாடு என்று இதற்குப் பெயர். தறியைப் போலச் சீராகத் துடிக்கும் இதயம், நெருக்கடியில் இருக்கும் இதயமாகவோ நோயுற்ற இதயமாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். மனச்சோர்வில் இந்த மாறுபாடு குறைந்து காணப்படுவது பல ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது.

நெற்றிக்கு மேல் வைத்த பஞ்சுக்கும் நெஞ்சுக்குள் இருக்கும் கணுவுக்கும் என்ன வழி? வழி இருக்கிறது. முன்நெற்றிப் புறணி, புறணியின் உள்மடிப்பான இன்சுலா, அமிக்டலா, ஹைப்போதலாமஸ், மூளைத்தண்டு எனப் படிப்படியாக இறங்கும் ஒரு வலைப்பின்னல் இதயத்துக்கான ஆணைகளைக் கீழே அனுப்பிக்கொண்டே இருக்கிறது. கனடாவில் ஸ்டீபன் ஓப்பன்ஹைமரும் உடன் பணியாற்றியோரும் 1992-இல் வெளியிட்ட ஆய்வில், வலிப்பு நோய்க்கான அறுவை சிகிச்சைக்கு வந்திருந்த ஐந்து பேருடைய இன்சுலாவை நேரடியாக மின்சாரத்தால் தூண்டிப் பார்த்தார்கள். இடப்புறத்தைத் தூண்டியபோது பெரும்பாலும் நாடி தணிந்தது; வலப்புறத்தில் நாடியும் அழுத்தமும் ஏறின. மூளைப் புறணியைத் தொட்டு நாடியை மாற்றலாம் என்ற எண்ணம் வெறும் விளம்பரக் கதை இல்லை என்பதற்கு எனக்கு இந்த ஒன்று போதும். ஆனால் அங்கே மண்டை ஓடு திறந்திருந்தது, மின்வாய் உரிய இடத்தின் மேலேயே இருந்தது. வெளியிலிருந்து வைக்கும்போது கதை மாறுகிறது. 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், இறந்தோர் உடல்களில் மின்வாய் வைத்து மூளைக்குள் அளந்து பார்த்தபோது, வெளியே செலுத்திய மின்னோட்டத்தில் முக்கால் பங்கு தோல், தசை, எலும்பு ஆகியவற்றிலேயே சிதறிவிடுவது தெரிந்தது. மின்னியல் படித்தவனுக்கு இதில் வியப்பில்லை. ஈரமான தோல் எளிதான வழியாக இருக்கும்போது, மின்சாரம் எலும்பைத் துளைத்துக்கொண்டு ஏன் போக வேண்டும்?

அப்படியும் மீந்து உள்ளே போகும் கால் பங்கு நாடியை மாற்றுகிறதா என்று தேடியபோது, ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. பிரேசிலில் 2011-இல் மான்டனேக்ரோ குழுவினர் இடது பொட்டுப் பகுதியில் நேர்மின்வாயை வைத்து இருபது நிமிடம் 2 மில்லி ஆம்பியர் செலுத்தினார்கள். பயிற்சி பெற்ற விளையாட்டு வீரர்களுக்கு வேகஸ் செயல்பாடு கூடியது, பயிற்சி இல்லாதவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. படபடப்போடு வரும் அறுபது வயது அம்மாக்கள் இரண்டாம் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. புருனோனி குழுவினர் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், முன்நெற்றியின் இடப்புறத்தில் நேர்மின்வாயை வைத்தபோது உமிழ்நீரில் கார்ட்டிசால் என்னும் நெருக்கடிக்கால ஹார்மோன் குறைந்தது. ஆனால் பெல்ஜியத்தில் வாண்டர்மீரன் குழுவினர் 2010-இல் நலமான 30 பேரிடம் தேடியபோது, நாடியிலும் மூச்சிலும் அழுத்தத்திலும் எந்த மாற்றத்தையும் காணவில்லை. 2017-இல் இவ்வகை ஆய்வுகளைத் திரட்டி மறுகணக்கிட்ட மகோவாக், தேயர், ஒட்டாவியானி ஆகியோர், வெளியிலிருந்து மூளையைத் தூண்டும் முறைகளால் நாடி தணிவதும் மாறுபாடு கூடுவதும் உண்மைதான் என்றும், ஆனால் காந்தத்தால் தூண்டும் முறையோடு ஒப்பிட்டால் மெல்லிய மின்னோட்டத்தின் பங்கு குறைவு என்றும் முடிவுக்கு வந்தார்கள். மனச்சோர்வின் மீதே இதன் விளைவு என்ன என்பதிலும் இதே இழுபறிதான்: 2017-இல் 245 பேரிடம் நடந்த சோதனையில் மின்சாரம் பாயாத போலிச் சிகிச்சையைவிட மேலாக இருந்தது, ஆனால் எஸ்சிட்டலோப்ராம் என்னும் மனச்சோர்வு மாத்திரைக்கு ஈடாக நிற்கும் என்று காட்ட முடியவில்லை, 2023-இல் ஜெர்மனியில் மாத்திரை உண்போருக்குக் கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தபோது போலிச் சிகிச்சைக்கும் இதற்கும் வேறுபாடே தெரியவில்லை.

இனி என் நோட்டுக்கு வருகிறேன். முதல் நாள் அக்காவின் நாடி 96-இல் தொடங்கி இருபதாம் நிமிடத்தில் 82-இல் நின்றது. மூன்றாம் நாள் 92, 79. ஆறாம் நாள் 88, 76. நாள்தோறும் தணிவு, நாளுக்கு நாள் தொடக்க எண்ணும் இறக்கம். ஆறு நாள் கணக்கைப் பார்த்தபோது எனக்கே சற்றுப் பெருமிதம் உண்டாயிற்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஏழாம் நாள் அந்த இளைஞர் பட்டையைக் கட்டிவிட்டுப் பொத்தானை அழுத்தியதும் கருவி ‘இணைப்பு இல்லை’ என்று காட்டியது. பஞ்சை மறுபடி நனைத்தும் பயனில்லை. மின்வாய்க்குப் போகும் கம்பி உள்ளே அறுந்திருந்தது. வேறு கம்பி எடுத்து வருகிறேன் என்று போனவர், எந்த அறையில் தேடினாரோ, இருபத்தைந்து நிமிடம் கழித்துத்தான் வந்தார். அக்காவோ, கண்ணை மூடி, உள்ளே மின்சாரம் போய்க்கொண்டிருப்பதாகவே எண்ணி அமர்ந்திருந்தாள். நான் எதுவும் பேசாமல் எழுதிக்கொண்டிருந்தேன். 90-இல் தொடங்கிய நாடி 77-க்கு வந்தது. கண்ணைத் திறந்ததும், “இன்னைக்குத்தான் தம்பி ரொம்ப லேசா இருக்குது” என்றாள்.

ஆய்வாளர்கள் போலிச் சிகிச்சை என்று சொல்வது ஏறத்தாழ இதைத்தான். பஞ்சை வைத்து, முப்பது வினாடி குறுகுறுப்பைக் காட்டி, பிறகு மின்சாரத்தை அணைத்துவிட்டு, அதே இருபது நிமிடமும் உட்கார வைப்பார்கள். அப்படி ஒரு குழுவை வைக்காமல் ‘நாடி தணிந்தது’ என்று அறிவிக்கும் எந்தச் செய்தியையும் இனி நான் மதிக்கப் போவதில்லை. யோசித்துப் பார்த்தால் நாடி தணியாமல் இருந்தால்தான் வியப்பு. பேருந்தை விட்டு இறங்கி, மாடி ஏறி, நெற்றியில் ஈரப் பஞ்சை வைத்துக் கட்டிக்கொண்டு உட்காரும் எவருக்கும் முதல் நிமிடத்தில் பரிவு நரம்புகள் உச்சத்தில் இருக்கும். அன்று மருத்துவர் அறையில் வியர்த்த என் உள்ளங்கையே சாட்சி. அதன் பிறகு இருபது நிமிடம் கைப்பேசி இல்லாமல், தறிச் சத்தம் இல்லாமல், எவரும் எதுவும் கேட்காமல் சாய்ந்திருந்தால் வேகஸ் தானாகவே பிரேக்கை அழுத்தும். பத்து நாளில் அந்த அறையும் அந்த இளைஞரும் பழகிப்போவதால் தொடக்க எண்ணும் இறங்கும். இதற்கு மேலும் ஒன்றைக் கவனித்தேன். அக்கா உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் உதட்டுக்குள் முருகன் பாட்டை இழுத்து இழுத்து முணுமுணுத்துக்கொண்டே இருப்பாள். ஓர் அடிக்கு ஒரு மூச்சு. இத்தாலியில் பெர்னார்டி குழுவினர் 2001-இல் 23 பேரிடம் ஜெபமாலை ஜெபத்தையும் ‘ஓம் மணி பத்மே ஹூம்’ மந்திரத்தையும் சொல்லச் செய்து அளந்தபோது, இரண்டுமே மூச்சை நிமிடத்துக்கு ஆறு என்ற அளவுக்குக் கொண்டுவந்து, துடிப்பு இடைவெளியின் ஏற்ற இறக்கத்தை வெகுவாகக் கூட்டின. மூச்சை மட்டும் மாற்றியே இவ்வளவு ஆகுமென்றால், மின்சாரத்தின் பங்கைப் பிரித்தெடுப்பது எவ்வளவு கடினம் என்பது விளங்கும்.

இவ்வளவையும் எழுத நேர்ந்ததே அக்கா மகனால்தான். திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் அவன், அம்மாவுக்கு வீட்டிலேயே தொடர்ந்து கொடுக்கலாமே என்று எண்ணி, இணையத்தில் ஏதேதோ வரைபடங்களைத் தேடி எடுத்து எனக்கு அனுப்பினான். “ஏனுங் மாமா, ஒம்பது வோல்ட் பேட்டரிதானுங்களே? நீங்களே ஒண்ணு செஞ்சு குடுத்தர முடியாதுங்களா?” என்று கேட்டான். செய்ய முடியும், என் மேசை மேல் கிடக்கும் பொருள்களை வைத்து அரை மணி நேரத்தில் செய்துவிடலாம். அதனால்தான் மறுத்தேன். நல்ல ஈரத்தில் இரு பஞ்சுகளுக்கும் நடுவே உள்ள தடை 4,500 ஓம் என்று வைத்துக்கொண்டால் 9 வோல்ட்டுக்குச் சரியாக 2 மில்லி ஆம்பியர் பாயும். தோல் கீறியிருந்தோ உப்புநீர் அதிகமாகியோ தடை ஆயிரம் ஓமுக்கு இறங்கினால் அதுவே 9 ஆகிவிடும். மின்னோட்டத்தை மாறாமல் நிறுத்தி வைக்கும் சுற்றைச் சேர்த்தாலும் வேறு சிக்கல் உண்டு: ஐந்துக்கு ஏழு சென்டிமீட்டர் பஞ்சு நடுவில் காய்ந்து, தோலோடு ஒட்டும் இடம் ஒரு சதுர சென்டிமீட்டராகக் குறுகிவிட்டால், 35 சதுர சென்டிமீட்டரில் பரவ வேண்டிய 2 மில்லி ஆம்பியரும் அந்த ஒரே இடத்தில் இறங்கித் தோலைப் புண்ணாக்கிவிடும். இங்கிலாந்தில் லிப்போல்டும் ரெட்ஃபெர்னும் 1964-இல் நெற்றியிலும் காலிலுமாக மின்வாய் வைத்துச் செய்த சோதனைகளின்போது, அளவு பிசகி 3 மில்லி ஆம்பியர் பாய்ந்ததில் ஒருவருக்குத் தற்காலிகமாக மூச்சே தடைபட்டது. கால் வரைக்கும் போகும் மின்சாரம், மூச்சையும் நாடியையும் ஆளும் மூளைத்தண்டைக் கடந்துதான் போக வேண்டும். பெல்ஜியத்துக்காரர்கள் 2010-இல் அந்த 30 பேரைச் சோதித்ததும் இந்தப் பழைய அச்சத்தைத் தீர்த்துக்கொள்ளத்தான். 2016-இல் தொகுக்கப்பட்ட 33,200-க்கும் மேற்பட்ட அமர்வுகளில் தீராத பாதிப்பு ஒன்றுகூடப் பதிவாகவில்லை என்பது உண்மை. அவை அளவுமானியும் பயிற்சி பெற்ற ஆளும் இருக்கும் அறைகளில் நடந்தவை என்பதும் உண்மை. மாப்பிள்ளை ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

அக்காவுக்கு இப்போது இரவில் தூக்கம் வருகிறது. படபடப்பு வாரத்துக்கு ஒருமுறை, இருமுறை என்று குறைந்திருக்கிறது. மாத்திரையாலா, மின்சாரத்தாலா, நாள்தோறும் தம்பியோடு பேருந்தில் ஈரோடு போய் வந்ததாலா என்று மருத்துவரைக் கேட்டேன். மூன்றையும் ஒன்றாகக் கொடுத்துவிட்டுப் பிரித்துக் கேட்டால் எப்படி என்று சிரித்தார், நியாயமான பதில்தான். ஏழாம் நாள் கம்பி அறுந்திருந்த செய்தியை அக்காவிடம் பத்தாம் நாள் திரும்பும்போதுதான் சொன்னேன். பேருந்து வெள்ளோட்டைத் தாண்டும் வரைக்கும் அவள் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அன்னைக்குக் காசு வாங்குனாங்களா?”

“வாங்கலைக்கா. அதுக்குப் பதுலா நாளைக்கு ஒருநாள் சேத்தி வரச் சொல்லியிருக்கறாங்க.”

“அப்பச் செரி. போயிட்டு வந்தர்லாம்.”

பதினோராம் நாள் நாடி 86-இல் தொடங்கி 75-இல் முடிந்தது. அன்று கம்பி நன்றாகத்தான் இருந்தது. அந்த இளைஞரிடம் கேட்டுக்கொண்டு, பஞ்சைக் கட்டுவதற்கு முன்பே நானே மல்டிமீட்டரை வைத்துப் பார்த்துவிட்டேன்.